எலியைக் கொல்லத் தெரியாதவனும் தூக்குத் தண்டனையும்

அரைக்கிணறு (வில்லிவாக்கம்)

நேற்று ராத்திரி ரெண்டு மணிக்கு அடுப்படியில் சத்தம். கடையில் விற்கிற பசை அட்டை, எலி அட்டை என்போமே, அதில் ஒரு சின்ன எலி நாலு காலும் ஒட்டிக் கிடந்தது. லைட்டைப் போட்டதும் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. தூக்காமல் இருந்திருக்கலாம்.

அட்டையை வாங்கி வந்தது அம்மா. தினமும் காலையில் பிள்ளையாருக்கு அருகம்புல் வைக்கிற அதே அம்மா. "அவரோட வாகனமாச்சே" என்று கேட்டதற்கு, "வாகனத்தை வெளியில நிறுத்தச் சொல்லு, அரிசி மூட்டைக்குள்ள ஏன் நிறுத்தறார்?" என்றார். "வச்சது நான், எடுக்க வேண்டியது நீ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் சாமி கும்பிடாதவன். 2011 ஆகஸ்டில் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு நாள் குறித்தபோது, கோயம்பேட்டில் பெண் வழக்கறிஞர்கள் உண்ணாவிரதம் இருந்த பந்தலில் போய் உட்கார்ந்தவன். ஆகஸ்ட் 30 அன்று உயர் நீதிமன்றம் எட்டு வாரம் தடை கொடுத்ததும் பாரிமுனையில் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதவன். உயிரைக் கொடுக்க முடியாத அரசுக்கு அதை எடுக்க என்ன உரிமை என்று தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் ஒரு எலி முன்னால் இருபது நிமிஷம் நின்றேன். விளக்குமாற்றுக் கட்டையால் ஒரு போடு போட்டிருந்தால் முடிந்திருக்கும். கை வரவில்லை. கடைசியில் அட்டையை ரெண்டாக மடித்து, பேப்பரில் சுற்றி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து படுத்தேன். மடிக்கும்போது உயிர் இருந்தது.

காலையில் லாரி வந்து எடுத்துப் போய்விட்டது. எலியைக் கொன்றது யார்? அம்மாவா, நானா, மாநகராட்சியா?

தொட்டிக்காரர் பேரன் (புளியந்தோப்பு)

அண்ணே, நீங்கதான். இதுல சந்தேகம் வேறயா?

எங்க தாத்தா ஆடுதொட்டியில, அதான் ஆடு அறுக்கற இடத்துல, நாப்பது வருஷம் வேலை பார்த்தவர். கத்தியை ஆட்டுக்குக் காட்டக் கூடாது. ஒரு ஆட்டு கண்ணு முன்னால இன்னொன்னை அறுக்கக் கூடாது. மொக்கைக் கத்தி கையில எடுத்தா ஹராம் மாதிரிதான், அப்படி ஒரு கோவம் வரும் அவருக்கு. அல்லா பேரைச் சொல்லி ஒரே இழுப்பு. "உசிரு அவனுது, அவன் பேரைச் சொல்லாம எடுக்க நான் யாரு"ம்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு எங்களோட உக்காந்து சாப்பிடுவார். ரசம் சோறு. கறி தொடமாட்டார், அது வேற கதை.

நீங்க சாமியும் இல்ல, கத்தியும் இல்ல, பேப்பர்ல சுத்தி அனுப்பிட்டீங்க. எலிக்கு நாலு மணி நேரமாவது ஆகியிருக்கும். உங்களுக்குக் கொலையோட தகராறு இல்லண்ணே, சத்தத்தோட தகராறு.

தெப்பக்குளத்தடி (மயிலாப்பூர்)

புளியந்தோப்பு தம்பி நயமாகச் சொன்னாலும் கொலை கொலைதான். 'தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை' என்றார் வள்ளுவர். கத்தி கூர்மையா மொண்ணையா என்று அவர் கேட்கவில்லை. 'தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின்' குறளில் வாங்கித் தின்பவனையும் சேர்த்தே பிடிக்கிறார்.

அரைக்கிணறு அவர்களுக்கு: எலிக்கு இரங்கியது நல்ல மனசு. ஆனால் ஒரு முன்னாள் பிரதமரைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கு இரங்கியதை அதோடு சேர்க்காதீர்கள். எலி சதி செய்யாது. 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் சிதறிச் செத்தார்களே, அவர்கள் வீட்டுக்கு உங்கள் பந்தலிலிருந்து யாராவது போனீர்களா?

தொட்டிக்காரர் பேரன்

மாமா, குறள் சொன்னீங்க, சந்தோஷம். மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி, வள்ளலார் நாள், வள்ளுவர் நாள், எல்லாத்துக்கும் எங்க கடை மூடல். மாநகராட்சி உத்தரவு. முந்தின நாள் சாயங்காலம் வந்து பாருங்க, கடை வாசல்ல வரிசை திரும்பி அடுத்த தெருவுக்குப் போகும். எல்லார் வீட்லயும் ஃபிரிட்ஜ் இருக்கு. வள்ளுவர் நாளுக்கு மறுநாள் காணும் பொங்கல், அன்னிக்கு என்னை மூச்சு விடச் சொல்லுங்க பார்ப்போம். வருஷத்துல எங்களுக்கு நல்ல வியாபாரம் குடுக்கறதே இந்த அகிம்சைதான்.

வியாசை நர்ஸ்

எலிக்கு இவ்வளவு அழுகையா? 2015 வெள்ளம் வடிஞ்சதும் முகாம்ல டாக்சிசைக்ளின் மாத்திரை எண்ணிக் கொடுத்தவ நான். எலி மூத்திரம் கலந்த தண்ணில கால்ல புண்ணோட நடந்தா போதும், எலிக்காய்ச்சல். கண்ணு மஞ்சளாகி, கிட்னி போயி வந்தவங்களைப் பார்த்திருக்கேன். அரிசி மூட்டையில எலி இருந்தா அடிக்கணும். அடிச்சுட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவணும். தத்துவம் அப்புறம்.

ஆனா பசை அட்டை வேணாம் சார். கம்பிக் கூண்டு வாங்குங்க, தேங்காய்ச் சில்லைச் சுட்டு மாட்டுங்க.

சைதை வக்கீல்

அட்டை பற்றி சிஸ்டர் சொன்னது சரி. விலங்கு நல வாரியமும் அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. 1962ல் ருக்மிணி தேவி அருண்டேல் முன்னின்று தொடங்கிய வாரியம், பல வருஷம் நம்ம திருவான்மியூரில்தான் இருந்தது.

சட்டம் இந்த விஷயத்தில் அரைக்கிணறு சாரை விடப் பெரிய குழப்பவாதி. 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 28ஆம் பிரிவு என்று ஒன்று. எந்தச் சமூகமும் தன் மதம் கேட்கிற முறையில் விலங்கைக் கொன்றால் அந்தச் சட்டத்தில் குற்றமில்லை. இங்கே பத்து வருஷம் முன்னதாகவே, 1950ல், கோவில் வளாகத்தில் ஆடு கோழி பலியிடுவதைத் தடை செய்து சென்னை மாகாணச் சட்டம் வந்துவிட்டது. ஐம்பது வருஷம் அது அலமாரியில் தூங்கியது. 2003ல் ஜெயலலிதா அரசு அதைத் தட்டி எழுப்பியது. 2004ல், தேர்தல் வருடம், சட்டத்தையே ரத்து செய்தார்கள். ஆடுகளிடம் யாரும் கேட்கவில்லை, அவற்றுக்கு ஓட்டும் இல்லை.

வியாசை நர்ஸ்

அந்த 2003 ஞாபகம் இருக்கு. எங்க தெரு அம்மனுக்குக் கோழி அறுக்கறது வழக்கம். அந்த வருஷம் போலீஸ் வந்து நின்னாங்க. எங்க அம்மா வீட்டுக்குப் பின்னாடியே அறுத்து, குழம்பு வச்சுப் படையலா எடுத்துட்டுப் போனாங்க. போலீஸ்காரரும் சாப்பிட்டார். சாமி பேர்ல அறுத்தா காட்டுமிராண்டி, பிரியாணிக் கடை பேர்ல அறுத்தா தொழில். ஒரு கோழிக்கு என்ன வித்தியாசம்னு அம்மா கேட்டாங்க, எனக்கு இன்னும் பதில் தெரியல.

தெப்பக்குளத்தடி

வித்தியாசம் உண்டு அம்மா. வயிற்றுக்குக் கொல்பவனுக்கு அது பசி. சாமிக்குக் கொல்பவன் கருணையே வடிவானவள் இதைக் கேட்கிறாள் என்கிறான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2003 தடையை நான் வரவேற்றவன், ரத்தானபோது வருந்தியவன்.

வியாசை நர்ஸ்

உங்க சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் பிடிக்கும், எங்க சாமிக்குக் கோழி பிடிக்கும். சாமி சாப்பாட்டுல நாம தலையிட வேணாம் மாமா. கொசு பேட் வச்சிருக்கீங்களா?

தெப்பக்குளத்தடி

இருக்கிறது. என் மனைவிதான் அடிப்பாள்.

தொட்டிக்காரர் பேரன்

😂😂 வில்லிவாக்கத்துல அம்மா, மயிலாப்பூர்ல மாமி.

அரைக்கிணறு

மாமாவுக்கு ஒரே ஒரு கேள்வி. எலியைக் கொல்லக் கூடாது, கோழியைக் கொல்லக் கூடாது, மனுஷனைத் தூக்கில் போடலாம். எந்தக் குறளில் இருக்கிறது இது?

தெப்பக்குளத்தடி

செங்கோன்மையில் இருக்கிறது. 550: 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்.' கொல்லாமை அதிகாரம் துறவியைப் பார்த்துச் சொன்னது, இது அரசனைப் பார்த்து. களை எடுக்காத உழவன் கருணைமிக்கவன் இல்லை, சோம்பேறி.

சைதை வக்கீல்

அந்தக் குறளை வைத்து எத்தனை வருஷமாக மேடையில் அடித்துக்கொள்கிறோம்! 'கொலையின்' என்ற சொல்லை எதோடு சேர்ப்பது என்பதுதான் சிக்கலே. பரிமேலழகர் அதை 'ஒறுத்தல்' பக்கம் தள்ளி, கொடியவர்களைக் கொலையால் ஒறுத்து என்று எழுதினார். பக்கத்தில் இருக்கிற 'கொடியார்' என்ற சொல்லோடே விட்டால், கொலையில் கொடியவர்களை அரசன் தண்டிக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கா ஆயுளா என்று வள்ளுவர் தீர்ப்பு எழுதவில்லை. ஒரு வேற்றுமை உருபை எங்கே ஒட்டுகிறோம் என்பதில் ஒருவன் கழுத்து தொங்குகிறது.

தெப்பக்குளத்தடி

களையைப் பிடுங்கி எறிவார்கள் வக்கீல் சார். ஆயுள் தண்டனை கொடுத்து வரப்பில் நட்டு வைப்பதில்லை.

சைதை வக்கீல்

😀 இதை ஒப்புக்கொள்கிறேன், உவமை உங்கள் பக்கம். ஆனால் பிடுங்கியது களையா நாற்றா என்று தெரிய வேண்டாமா? 1980ல் உச்ச நீதிமன்றம் 'அரிதினும் அரிதான' வழக்குக்கு மட்டும் தூக்கு என்றது. அரிது எது என்று இன்றுவரை ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒவ்வொரு அளவுகோல். அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே 2013ல் வந்து, அவர் சொன்னதை முழுசாக எழுதவில்லை என்றார். 2014 பிப்ரவரி 18ல் கருணை மனு தாமதத்தால் தூக்கு ஆயுளானது. 2022 மே 18ல் உச்ச நீதிமன்றம் ஆளை விடுதலை செய்தது. 2011 செப்டம்பர் 9ல் திட்டப்படி முடித்திருந்தால், அந்த அதிகாரி தன் திருத்தத்தை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்?

தெப்பக்குளத்தடி

நியாயமான கேள்வி, யோசிக்கிறேன். பதிலுக்கு நானும் ஒன்று கேட்கிறேன், அரைக்கிணறு அவர்களே சொல்லட்டும். 1995 ஏப்ரலில் சேலம் சிறையில், தொடர் கொலை வழக்கில், ஆட்டோ சங்கரைத் தூக்கிலிட்டார்கள். நம் ஊர், நம் திருவான்மியூர். அன்று எந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தீர்கள்? அரசுக்கு உயிரெடுக்க உரிமை இல்லையென்றால் சங்கர் உயிரை எடுக்கவும் இல்லைதானே?

மட்டுறுத்துநர்

கட்சி பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. எலியில் ஆரம்பித்த இழை, எலியாவது உள்ளே இருக்கட்டும்.

அரைக்கிணறு

ரெண்டு நாள் இதற்குப் பதில் எழுதாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

1995ல் எனக்குப் பதினேழு வயசு. பிளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த சமயம். டீக்கடையில் பேப்பருக்குச் சண்டை. தூக்குக்கு முந்தின ராத்திரி அவர் என்ன சாப்பிட்டார் என்றுகூடப் பேசினோம். மறுநாள் செய்தியை ஒருத்தர் உரக்கப் படித்தார், நாங்கள் சுற்றி நின்று கேட்டோம். யாரும் "ஐயோ" என்று சொன்னதாக ஞாபகமில்லை. நான் சொல்லவில்லை. பன் பட்டர் ஜாம் சாப்பிட்டேன், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

2011ல் மட்டும் எப்படிக் கண்ணீர் வந்தது? பதினாறு வருஷத்தில் வளர்ந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவரின் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். ஊர் ஊராகப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த கிழவி. எங்க அம்மா மாதிரி முடிச்சுப் போட்ட கொண்டை. சங்கருக்கும் அம்மா இருந்திருப்பார், நான் பார்க்கவில்லை. போலீஸ்காரர்களின் அம்மாக்களையும் பார்க்கவில்லை. எலி தலையைத் தூக்கியிருக்காவிட்டால் இந்த இழையும் இருந்திருக்காது.

தூக்கு வேண்டாம் என்பதில் இப்போதும் மாற்றமில்லை. சங்கருக்கும் வேண்டாம். முப்பது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன், யாருக்கும் பிரயோசனமில்லை.

தெப்பக்குளத்தடி

பன் பட்டர் ஜாமை எழுதியதற்கு நன்றி. நானும் அன்று பேப்பரை விடாமல் படித்தேன். காலையில் சந்தியாவந்தனம் முடித்த கையோடு.

தொட்டிக்காரர் பேரன்

தாத்தா ஏன் கறி தொடமாட்டார்னு யாருமே கேக்கல பாருங்க. நானும் கேட்டதில்ல. மவுத்தாகி பன்னெண்டு வருஷம் ஆச்சு.

வியாசை நர்ஸ்

அரைக்கிணறு சார், கூண்டு வாங்கினீங்களா இல்லையா?

அரைக்கிணறு

வாங்கினேன் சிஸ்டர். வியாழக்கிழமை ஒன்று மாட்டியது. பையில் மறைத்து, ஸ்கூட்டரில் வைத்து, ரெண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில் திறந்துவிட்டேன். பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பார்த்துவிட்டார். "எங்க தெருவுல என்னய்யா கொட்டற?" என்றார். எலி என்று சொல்ல வாய் வரவில்லை, "ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

தொட்டிக்காரர் பேரன்

மரண தண்டனை ரத்து, நாடு கடத்தல். அந்த வாட்ச்மேன் வீட்ல இப்ப அட்டை வாங்கியிருப்பாங்க.

வியாசை நர்ஸ்

அட்டை பாக்கெட்ல மூணு இருக்குமே. மிச்சம் ரெண்டு எங்க?

அரைக்கிணறு

பீரோ மேலே இருக்கிறது.