கலப்பு அடுக்கு மாதிரியில் 55 மீட்டர், மிதவையில் 20: கே.பி.பி.யில் எதை மாற்றுவது?

மிதவைப்பையன்:
வணக்கம். வங்காள விரிகுடாவில் 15 வடக்கு, 90 கிழக்கில் இருக்கும் ராமா மிதவையின் (கடலை அளக்கும் நங்கூரமிட்ட மிதவை) இடத்துக்கு ஜி.ஓ.டி.எம். என்ற ஒற்றைப் பரிமாணக் கடல் மாதிரியை ஓட்டுகிறேன், ஒரே இடத்தில் மேலிருந்து கீழாக மட்டும் கணக்கிடுவது. கொந்தளிப்புக் கலப்பைக் கணக்கிட கே.பி.பி. முறை. ஜூனில் தொடங்கினால் கலப்பு அடுக்கின் (காற்று கிளறி ஒரே சீராக்கிய மேல் நீர்) ஆழம் ஜூலை பாதி வரை மிதவையோடு ஒட்டிப் போகிறது. அப்புறம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அக்டோபர் கடைசியில் மாதிரியின் கலப்பு அடுக்கு 55 மீட்டர், மிதவையில் 20க்குப் பக்கம். மேற்பரப்பும் ஒன்றரை டிகிரி குளிர்ந்துவிட்டது.

கலப்பு எந்த ஆழத்தில் நிற்கும் என்று தீர்மானிக்கும் மாறுநிலை ரிச்சர்ட்சன் எண்ணை 0.3இலிருந்து 0.2, 0.15 என்று குறைத்துப் பார்த்தேன். கே-எப்சிலான் என்ற வேறு கலப்பு முறைக்கு மாறினேன், 50 மீட்டர் வந்தது. பின்னணிக் கலப்பைப் பத்தில் ஒரு பங்காக்கினேன். ஒன்றும் அசையவில்லை. வெப்பநிலைப் படத்தை இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வழிகாட்டிக்குப் படம் காட்ட வேண்டும்.

பழைய நங்கூரம்:
தம்பி, இரண்டு வேறு முறைகள் ஒரே தப்பைச் செய்தால், தப்பு முறையில் இருக்காது. நீங்கள் ஊட்டும் தரவைப் பாருங்கள். வெப்பநிலைப் படம் மட்டும் போட்டிருக்கிறீர்களே, உப்பு எங்கே?

29 டிகிரி நீரில் உப்பு ஓர் அலகு (கிலோவுக்குச் சுமார் ஒரு கிராம்) குறைந்தால், நீர் இரண்டு டிகிரிக்கு மேல் சூடானதற்குச் சமமாக லேசாகும். மழைக்காலம் முடியும்போது அங்கே மேலே நன்னீர் கலந்த மெல்லிய அடுக்கு மிதக்கும். அதன் கீழே வெப்பநிலை அதே 28, 29தான், உப்பு மட்டும் ஏறும். இதுதான் தடை அடுக்கு. காற்று கிளறினாலும் அந்த மூடி லேசில் உடையாது. உடைந்தாலும் மேலே வருவது சூடான நீர்தான், மேற்பரப்பு குளிராது. உங்கள் மாதிரிக்கு மூடியே இல்லை.

நானும் ஒரு கோடை முழுக்க அந்த 0.3ஐத் திருகித் தொலைத்தவன்தான். வடபசிபிக்கின் பாப்பா என்ற கடல் அளவீட்டு நிலையத்தில் பழகிய கை. அங்கே கோடை அடுக்கைப் பெரும்பாலும் வெப்பநிலையே தீர்மானிக்கும், உப்பை மறந்தாலும் ஓடிவிடும். இங்கே ஓடாது. மழைத் தரவின் அலகைப் பாருங்கள்.

ஈரக்காற்று:
காற்று நாள் சராசரியா? இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் போகும், சராசரி எடுத்தால் சூறை நேரமெல்லாம் காணாமல் போகும். மணிக்கணக்குத் தரவு போடுங்கள். ஒளி ஊடுருவலுக்கு ஜெர்லோவின் நீர்த்தெளிவு வகைப்பாட்டில் முதல் வகையா? அதில் நீல ஒளியின் தேய்வு ஆழம் 23 மீட்டர், இரண்டாம் வகையில் 14. விரிகுடாவுக்கு இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

மிதவைப்பையன்:
காற்று மணிக்கணக்குதான். மழையில் மாட்டிக்கொண்டேன் அண்ணா. கோப்பில் மணிக்கு மில்லிமீட்டர், நான் நாளைக்கு என்று நினைத்து வகுத்திருக்கிறேன். ஓட்டம் முழுக்க 24இல் ஒரு பங்கு மழைதான் பெய்திருக்கிறது! திருத்தியதும் 38 மீட்டர். மீதி?

பழைய நங்கூரம்:
மீதி ஆற்று நீர். கங்கை-பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் பக்கவாட்டில் வருபவை. ஒற்றைப் பரிமாண மாதிரிக்குப் பக்கவாட்டே கிடையாது. உப்பை மட்டும் ஐந்து நாள் கால அளவில் மிதவையின் உப்போடு தளர்த்தி இணையுங்கள், அதாவது மிதவை அளந்த அளவை நோக்கி மெல்ல இழுங்கள். வெப்பநிலையைத் தொடாதீர்கள், அது விடைத்தாளைப் பார்த்து எழுதுவது. உப்பு கடன் வாங்கியது என்று ஆய்வேட்டில் ஒரு வரி கட்டாயம்.

மிதவைப்பையன்:
24 மீட்டர்! மேற்பரப்பு வித்தியாசம் அரை டிகிரிக்குள். 0.3ஐப் பழையபடியே வைத்துவிட்டேன். ஆனால் டிசம்பரில் 40 மீட்டர் ஆழம் மேற்பரப்பைவிடச் சூடாக இருக்கிறது. இன்னொரு பிழையா?

பழைய நங்கூரம்:
மிதவையிலும் அதே டிசம்பரைப் பாருங்கள். குளிர்காலத்தில் விரிகுடாவில் அது சகஜம். மேலே குளிர்ந்த நீரை உப்புக் குறைவுதான் மிதக்க வைக்கிறது.