வீடு தேடிப் போகும் வைத்தியத்துக்கும் முகாமுக்கும் எந்தச் சக்கரப் பை?

முகாம் தொண்டர், யாங்கோன்:
வணக்கம். கோயில் மருத்துவ முகாமுக்கும், படுக்கையில் இருக்கிறவங்க வீட்டுக்கும் சாமான் கொண்டுபோக ஒரு சக்கரப் பை வாங்கணும். 500 மில்லி செலைன் 6, டிரஸ்ஸிங் பொட்டலங்கள், பிபி மெஷின், நெபுலைசர், சுகர் ஸ்ட்ரிப், கொஞ்சம் இன்சுலின். மொத்தம் 10 கிலோ வரும். டவுன்டவுனில் லிப்ட் இல்லாத 6, 7 மாடி, சில நாள் பன்சோடான் துறையிலிருந்து ஆத்தைத் தாண்டி டலா போற படகு. கடையில் நாலு சக்கரப் பெட்டியைத்தான் காட்டறாங்க. எதைப் பார்த்து வாங்கறது?

வீட்டு நர்ஸ்:
நாலு சக்கரம் வேண்டாங்க, அது வழவழப்பான தரைக்குச் செய்தது. 4, 5 செ.மீ. சக்கரம் நடைபாதைக் கல் இடுக்கில் மாட்டும். அப்படியே இழுத்தா சக்கரத்தைப் பிடிக்கிற கவட்டை முறியும். 8 செ.மீ.க்குக் குறையாத ரெண்டு சக்கரம், பாதி பைக்குள்ளே புதைஞ்சிருக்கணும். முதுகுப் பக்கம் நெடுக்க ரெண்டு பிளாஸ்டிக் பட்டை இருந்தா படியில் இழுக்கும்போது துணி கிழியாது. வெறும் பை 3 கிலோவைத் தாண்டினா விட்டுடுங்க. தண்ணி புகாத கெட்டிப் பெட்டி பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பலது வெறுமையாவே 5 கிலோவுக்கு மேலே.

துணியைவிடத் தார்ப்பாய் மாதிரி பூச்சுள்ளது மேல், ஈரத்துணியால் துடைக்கலாம். ஜிப் வழியா மழை இறங்கத்தான் செய்யும். டிரஸ்ஸிங்கை வாய் சுருட்டி மூடும் பையில் போட்டு உள்ளே வைங்க. பொட்டலம் நனைஞ்சா, காய்ஞ்ச பிறகும் அது ஸ்டெரைல் (கிருமியில்லாதது) இல்லை, தூக்கிப் போட்டுடணும்.

செலைன் மட்டும் 3 கிலோ. அதைச் சக்கரத்தை ஒட்டி அடியில் வைங்க. மேலே வைத்தா திருப்பத்தில் பை கவிழும். ஏழு மாடிக்கும் எல்லாத்தையும் தூக்காதீங்க. அந்த நோயாளிக்கு வேண்டியதைத் தனித் தோள்பையில் கட்டி எடுத்துக்கிட்டு, துணைக்கு ஒருத்தரைக் கீழே பையோட நிறுத்துங்க. ஊசி போட்ட சிரிஞ்சுக்கு மூடியுள்ள கெட்டி டப்பா, முக்கால் நிறைஞ்சதும் மூடிடணும். மழைக்காலத் தெருத் தண்ணியில் உருண்ட சக்கரத்தை நோயாளி கட்டில் மேல் ஏத்தவே கூடாது!

மருந்துக்கடை ஆள்:
இன்சுலின் பத்தி மட்டும் சொல்றேன். பிரிக்காதது 2 முதல் 8 டிகிரியில் இருக்கணும். பிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேரா ஒட்டி வைத்தா உறைஞ்சுடும், உறைஞ்சது உருகினாலும் ஆகாது. தண்ணி நிரப்பி உறைய வைத்த ஐஸ் பேக்கை வெளியே வைத்து, குலுக்கினா உள்ளே சலசலக்கும் வரை காத்திருந்து, நடுவில் துண்டு சுத்தி வைங்க. நனைச்சு வைக்கும் குளிர்பை காத்துபட்டாத்தான் வேலை செய்யும். மூடின பைக்குள்ளே போட்டா பயனில்லை, மழைக்கால ஈரக்காத்திலும் குளிர்ச்சி குறைவு. ஸ்ட்ரிப்பை அதோட டப்பியிலிருந்து மாத்தாதீங்க, ஈரம் பட்டா அளவு தப்பாக் காட்டும்.

முகாம் தொண்டர்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. ரெண்டு சக்கரப் பழைய பை ஒண்ணு கோயிலில் கிடக்கு. சக்கரம் கையில் உதிருது. மாத்த முடியுமா?

பை ரிப்பேர்:
முடியும் தம்பி. உதிர்றது பாலியூரித்தேன், நம்ம ஊர் ஈரத்தில் சும்மா வைத்தாலே பொடியாகும். பழசின் விட்டம், அகலம், அச்சுத் தடிமன் மூணையும் அளங்க. ஆணியடிச்ச அச்சை ரம்பத்தால் அறுத்துட்டு போல்ட் போடலாம். ஸ்கேட் சக்கரத்தில் வரும் 608 அளவு பியரிங்குக்கு (அச்சில் சக்கரத்தைச் சுழல விடும் குண்டு வளையம்) ஓட்டை 8 மி.மீ.; அச்சு 6 மி.மீ.யா இருந்தா நடுவில் குழல் போடணும், இல்லேன்னா ஆடும். சக்கரத்தைச் சுத்தி 3 மி.மீ.யாவது இடைவெளி விடுங்க, சேறு அடைச்சா சுத்தாது. நட் நைலான் வளையம் உள்ளதா வாங்குங்க, சாதா நட் குலுங்கிக் கழண்டுடும். ஒண்ணு நல்லா இருந்தாலும் ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. அதுக்கு முன்னாடி கைப்பிடிக் குழாயை முழுசா இழுத்து 10 கிலோ ஏத்திப் பாருங்க. அது வளைஞ்சா சக்கரச் செலவு வீண்.