2023 ஸ்விஃப்டா, 2024 ஸ்விஃப்டா?

பெருந்துறைக்காரன்: சித்தப்பா தன் 2023 மாருதி ஸ்விஃப்ட் காரை எனக்கே தருகிறேன் என்கிறார். 28,000 கிலோமீட்டர் ஓடியது. ஈரோட்டில் பழைய கார் விற்கும் ஒரு கார் கன்சல்டிங்கில் 2024 ஸ்விஃப்ட் இருக்கிறது, ஒன்றரை லட்சம் கூடக் கேட்கிறார்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவேன். கோவை போவேன், பள்ளி விடுமுறைக்கு வால்பாறை. எதை எடுக்கட்டும்ங்க?

பொள்ளாச்சி மலைரோடு: சித்தப்பா வண்டியை விடாதீங்க. அது நாலு சிலிண்டர், 90 குதிரைசக்தி. புது மாடலில் மூன்று சிலிண்டர், 82. வால்பாறை ரோட்டில் ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஐந்து பேர், ஏசி, இரண்டாம் கியர் என்று ஏறும்போது நாலு சிலிண்டர் இழுக்கும் அழகே தனி. மூன்று சிலிண்டர் என்றால் வண்டி நிற்கும்போது கொஞ்சம் நடுக்கம் இருக்கும், அதன் அமைப்பே அப்படி.

அவிநாசி பைபாஸ்: அண்ணா, அந்த 90 கிடைக்க இன்ஜின் 6,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) போகணும். வளைவில் யார் அவ்வளவு மிதிக்கிறார்கள்? அங்கே வேண்டியது டார்க், அதாவது இன்ஜினின் இழுவிசை. பழையது 113 நியூட்டன் மீட்டர், புதியது 112. என் கவலை ஏர்பேக். புது மாடலில் அடிப்படை வேரியன்ட்டிலேயே ஆறு, பழையதில் முன்னால் இரண்டுதான். காரை மோதவிட்டுப் பார்க்கும் 2022 குளோபல் என்காப் பாதுகாப்புச் சோதனையில் பழையது வாங்கியது ஐந்துக்கு ஒரே ஸ்டார். போன வருடம் பைபாஸ் மீடியன் இடைவெளியில் குறுக்கே திரும்பிய வேன் என் மச்சான் ஓட்டிய காரைப் பக்கவாட்டில் இடித்தது. அது வேறொரு பழைய கார். கதவுக் கண்ணாடியில் தலை மோதி ஏழு தையல். சைடில் ஒரு ஏர்பேக் இருந்திருக்கக் கூடாதா என்று இன்னும் மனசு கேட்கவில்லை.

பொள்ளாச்சி மலைரோடு: தம்பி, வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஏர்பேக் கூடினால் பாடி கெட்டியாகிவிடாது. அதே சோதனையில் பாடியே நிலையாக இல்லை என்றுதான் சொன்னார்கள்.

அவிநாசி பைபாஸ்: பாடியும் சரியில்லை, ஏர்பேக்கும் இரண்டுதான் என்றால் அது பழைய வண்டிக்கு எதிரான பேச்சுதானே அண்ணா?

பட்டறை: மைலேஜுக்காக மாற வேண்டாம். கம்பெனி கணக்கில் மேனுவல் கியர் வண்டி லிட்டருக்குப் பழையது 22.38 கிலோமீட்டர், புதியது 24.80. நீங்கள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு மாதம் சுமார் நாலரை லிட்டர்தான் மிச்சம். அப்புறம் முக்கியமான விஷயம், அந்த 2024 எந்த ஸ்விஃப்ட்? புது மாடல் வந்ததே 2024 மே 9ஆம் தேதி. அதற்கு முன் பதிவானதெல்லாம் பழைய மாடல். பின்னால் பதிவானதிலும் பழைய ஸ்டாக் இருக்கலாம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் பாருங்க. இல்லை, பின்கதவைப் பாருங்க. பழையதில் கைப்பிடி மேலே, கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புப் பட்டையோடு ஒட்டியிருக்கும். புதியதில் முன்கதவு மாதிரியே கதவில் இருக்கும்.

பெருந்துறைக்காரன்: இப்போதுதான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடி மேலேதான் இருக்கிறது! சித்தப்பா வண்டியில் ஏற எங்கள் அம்மிச்சி கதவைத் தடவித் தடவித் தேடுவாரே, அதே இடம்.

பொள்ளாச்சி மலைரோடு: அப்போ அந்தக் கன்சல்டிங் வண்டி வேண்டாம். அதே பழைய மாடலுக்கு எதற்கு ஒன்றரை லட்சம் கூட?

அவிநாசி பைபாஸ்: அதில் அண்ணன் சொல்வது சரி. ஆனால் அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு நிஜமான புது மாடலையே பாருங்க. அம்மிச்சியையும் கூட்டிப்போய்ப் பின்கதவைத் திறக்கச் சொல்லுங்க.