ஹோஸ்ட் ஃபாக்டர்: ‘துணைக்காரணி’ போதுமா?

வணக்கம்.

வைரஸ் புகும் உயிரின் செல்லில் இருந்துகொண்டு வைரஸின் பெருக்கத்தைப் பாதிக்கும் மூலக்கூறை ஆங்கிலத்தில் ஹோஸ்ட் ஃபாக்டர் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘துணைக்காரணி’ என்று இந்த இழையில் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெபடைடிஸ் பி வைரஸை வைத்துப் பார்த்தால் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது.

இந்த வைரஸின் டிஎன்ஏ ஏறத்தாழ 3,200 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) மட்டுமே. அதனால் பெரும்பாலான வேலைக்குக் கல்லீரல் செல்லைத்தான் நம்பியிருக்கிறது. செல்லின் சவ்வில் உள்ள என்டிசிபி புரதத்தின் அன்றாட வேலை பித்த உப்புகளை உள்ளே எடுப்பது. வைரஸ் அதைப் பற்றிக்கொண்டுதான் நுழைகிறது என்பது 2012இல் தெரியவந்தது. உட்கருவுக்குள் போனதும் வைரஸ் டிஎன்ஏவின் இடைவெளியை நிரப்பி முழு வளையமாக்குவது செல்லின் பழுதுநீக்கும் நொதிகள். அதிலிருந்து ஆர்என்ஏ படியெடுக்க எச்என்எஃப்4 ஆல்ஃபா போன்ற படியெடுத்தல் காரணிகள், அதாவது படியெடுப்பைத் தொடக்கிவைக்கும் செல் புரதங்கள், வேண்டும். இதுவரை ‘துணை’ சரி.

ஆனால் அதே உட்கருவில் எஸ்எம்சி5/6 என்றொரு புரதத் தொகுப்பு அந்த வளையத்தைப் படியெடுக்க விடாமல் முடக்குகிறது. வைரஸ் சும்மா இருக்குமா? தன் எக்ஸ் புரதத்தை டிடிபி1 என்ற செல் புரதத்தோடு கோத்துவிட்டு, எஸ்எம்சி5/6ஐச் சிதைக்க வைக்கிறது. வீட்டுக்காரர் கையைக் கொண்டே வீட்டுக்காரர் கண்ணைக் குத்தும் வேலை! டிடிபி1 துணை என்றால், எஸ்எம்சி5/6ஐ எந்த வாயால் துணை என்பது? அப்புறம், நொதியியலில் ‘துணைக்காரணி’ ஏற்கெனவே நொதி வேலை செய்யத் துணைநிற்கும் கோஃபாக்டரைக் குறிக்கிறது, குழப்பம் வரும்.

‘செல் புரதம்’ என்று முடித்துக்கொள்ளலாமே என்றால், மைக்ரோ ஆர்என்ஏக்கள் எனும் செல்லின் குட்டி ஆர்என்ஏ துண்டுகளும் வைரஸ் பெருக்கத்தைப் பாதிக்கின்றன. அவை புரதமல்ல. ஆகவே ‘காரணி’ இருக்கட்டும்.

இனி ‘ஹோஸ்ட்’. அதற்கு ‘விருந்தோம்பி’ என்பது எனக்கு ஒப்பவில்லை, அழையாமல் நுழைந்ததற்கு என்ன விருந்து? ‘ஓம்புயிர்’ பாடநூல்களில் பழகிய சொல். அதனால் பொதுச்சொல்லாக ஓம்புயிர்க் காரணி. அதன் கீழ் வைரஸுக்குக் கைகொடுப்பது உதவுகாரணி, முட்டுக்கட்டை போடுவது தடைக்காரணி. ‘தடுப்புக் காரணி’ என்றால் தடுப்பூசி, தடுப்பாற்றல் பக்கம் மனம் போய்விடுகிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “என்டிசிபி இவ்வைரஸின் உதவுகாரணி, எஸ்எம்சி5/6 தடைக்காரணி, இரண்டுமே ஓம்புயிர்க் காரணிகள்.” இடறாமல் படிக்க முடிகிறது. ‘உதவுகாரணி’ மட்டும் காதுக்குக் கொஞ்சம் புதிது. ‘ஆதரவுக் காரணி’ என்றால் தேர்தல் செய்தி போலிருக்கிறது. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.