மறுமொழி: வத்திக்கான் – நகர அரசா, நகரநாடா?

நண்பர்களே,

ஒரே நகரம் தனி நாடாக இருப்பதைக் குறிக்கும் 'சிட்டி ஸ்டேட்' என்பதற்கு 'நகர அரசு' என்று நேற்று முன்மொழிந்திருந்தீர்கள். எனக்கு அதில் தயக்கம். 'தமிழ்நாடு அரசு' என்னும்போது ஆட்சி நடத்தும் அமைப்பைத்தானே சொல்கிறோம்? 'நகர அரசு' என்று படிப்பவர் மாநகராட்சி என்று எடுத்துக்கொள்வார். 'நகரநாடு' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. சிங்கப்பூருக்கும் அது பொருந்தும். பழந்தமிழில் 'நகர்' என்பதற்குக் கோயில், மாளிகை என்ற பொருள்களும் உண்டு என்பதால் வத்திக்கானுக்கு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் 'ஹோலி சீ', அதாவது கத்தோலிக்கத் திருச்சபையை நடத்தும் போப்பின் தலைமைப் பீடம். நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் அதற்கும் 'வத்திக்கான் அரசு' என்றே இருக்கிறது. பீடம் வேறு, நாடு வேறு என்பதால் இதை மாற்றியே ஆக வேண்டும்.

நடு இத்தாலியில் பெரிய நிலப்பரப்பை ஆயிரம் ஆண்டுக்கு மேல் போப்புகள் ஆண்டார்கள். 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமுக்குள் புகுந்ததும் மிஞ்சியிருந்ததும் கைவிட்டுப் போயிற்று. அப்புறம் ஏறத்தாழ 59 ஆண்டுகள் போப்புக்கு நாடே கிடையாது. ஆனாலும் சில நாடுகள் அவரிடம் தூதர்களை அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. நாடில்லாதவரிடம் எதற்குத் தூதர்? அவர்கள் வந்தது நிலத்தை நம்பி அல்ல, பீடத்தை நம்பி. 1929 பிப்ரவரி 11 அன்று லாத்தரன் உடன்படிக்கையில் இத்தாலியப் பிரதமர் முசோலினியும் கர்தினால் கஸ்பாரியும் கையெழுத்திட்டார்கள். சுமார் 44 ஹெக்டேர், அதாவது 109 ஏக்கர் அளவில் வத்திக்கான் நகரநாடு உருவானது அதன் வழியாகத்தான். கஸ்பாரி கையெழுத்திட்டது பீடத்தின் சார்பில். நகரநாடு அப்போது பிறக்கவே இல்லை! இன்றும் ஐ.நா.வில் 1964 முதல் நிரந்தரப் பார்வையாளராக இருப்பது பீடம்தான், நகரநாடு அல்ல.

'சீ' என்பதன் வேர் 'சேதெஸ்' என்ற இலத்தீன் சொல். இருக்கை என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'திருப்பீடம்' என்ற சொல்லை ஏற்கெனவே வழங்கி வருகிறார்கள். அதையே எடுத்துக்கொள்வோம், புதிதாக ஆக்க வேண்டாம். அதை ஏற்றால் 'சேதே வக்கான்தே'யும் எளிது. ஒரு போப் மறைந்தோ பதவி விலகியோ அடுத்தவர் தேர்வாகும் வரையான இடைவெளி அது. 'வெற்றுப்பீடக் காலம்' எனலாம்.

இன்னொன்றுக்கு மட்டும் எனக்குச் சரியான சொல் அமையவில்லை. வத்திக்கானில் பிறந்தால் குடியுரிமை வந்துவிடாது. பெரும்பாலும் பதவியாலும் பணியாலும்தான் கிடைக்கிறது. பணி முடிந்தால் பொதுவாக அதுவும் போய்விடும். 'பணிவழிக் குடியுரிமை' என்று எழுதி வைத்திருக்கிறேன். போப்பின் பதவிக்கும், காவல் நிற்கும் சுவிஸ் வீரரின் வேலைக்கும் 'பணி' என்ற ஒரே சொல் போதுமா? சட்டத்துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.