ஒரே விண்டோஸ் 11: தம்பிக்குப் பறக்கிறது, எனக்கு நகர மறுக்கிறது. உதவி தேவை

பூவரசி
வணக்கம். என் லேப்டாப் 2019இல் வாங்கியது. ஐ3 எட்டாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி டிஸ்க். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால் 11க்கு மாறினேன். அதிலிருந்து டெஸ்க்டாப் வந்த பிறகும் வெகுநேரம் எதையும் தொட முடிவதில்லை. ஜிஎஸ்டி கணக்கு அனுப்பும் நாட்களில் அழுகையே வருகிறது. தம்பியிடமும் இதே 11தான், பத்தைவிட இதுவே மேல் என்கிறான். கடையில் ஃபார்மட் போடச் சொல்கிறார்கள். போடலாமா, இல்லை 10க்கே திரும்பிவிடவா?

கடலோடி
அக்கா, ஃபார்மட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் டிஸ்க் 0 என்பதன் கீழே எச்டிடியா (பழைய மாதிரி சுழலும் ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா (சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) என்று போட்டிருக்கும். ஆன் செய்த உடனே பார்த்து, எத்தனை சதவீதம் காட்டுகிறது என்றும் சொல்லுங்கள். தம்பியின் லேப்டாப்பிலும் இதையே பாருங்கள்.

நெய்தல்
டிஸ்க்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 11க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ராம் என்பது நிறுவுவதற்கான கணக்கு, வேலை செய்வதற்கு அல்ல. என்னிடம் எஸ்எஸ்டி இருந்தும் 4 ஜிபியில் பிரவுசரும் எக்செலும் சேர்ந்து திறந்தால் திணறியது. 8 ஆக்கிய பிறகுதான் நிம்மதி. 10க்குத் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்தால்கூட 2026 அக்டோபர் 13 வரைதான்.

பூவரசி
பார்த்தேன். என்னுடையது எச்டிடி, 100% என்றே நிற்கிறது. தம்பியுடையது எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம்.

கடலோடி
அப்போ விஷயம் தெளிவு. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முள் நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடி எடுக்க வேண்டும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகள் என்றால் நொடிக்கு நூறு எடுப்பதே பெரிய பாடு. சாதாரண எஸ்எஸ்டி பல ஆயிரம் எடுக்கும். கணினி ஆன் ஆனதும் அப்டேட், வைரஸ் சோதனை, தேடல் பட்டியல் எல்லாம் ஒரே நேரத்தில் டிஸ்க்கைக் கேட்கின்றன. உங்கள் வேலை வரிசையில் கடைசியில் நிற்கிறது. நீங்கள் சொல்வதும் உண்மை, தம்பி சொல்வதும் உண்மை. இருவரும் வேறு வேறு டிஸ்க்கைப் பற்றிப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான்.

2.5 அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டி வாங்கினால் பழைய டிஸ்க் இருக்கும் இடத்திலேயே உட்காரும். டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால் ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்றும் தெரியும். இருந்தால் நெய்தல் சொன்னபடி இன்னொரு 4 ஜிபி. புது லேப்டாப்புக்கு இப்போது அவசியமே இல்லை.

வெண்ணிலவு
எனக்கு வேகம் பிரச்சினை இல்லை, பழக்கம்தான். நடுவில் வந்து நிற்கும் ஸ்டார்ட் பட்டன் வெறுப்பாக இருந்தது. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போய் இடது பக்கம் மாற்றிக்கொண்டேன். ஷிஃப்டை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்தால் பழைய நீள மெனு வருகிறது. கணக்கு வேலைக்கு இது இரண்டும் கை கொடுக்கும், அக்கா.

பூவரசி
ரொம்ப நன்றி. எஸ்எஸ்டி வாங்கப் போகிறேன். டேலி கணக்கு மென்பொருள், ஃபைல்கள் எல்லாம் அப்படியே வருமா?

கடலோடி
குளோன் செய்து, அதாவது பழைய டிஸ்க்கை முழுதாகப் புதிதில் நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள், அப்படியே வரும். டேலி உரிமத்தை மட்டும் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லலாம், அந்த விவரங்களை எடுத்து வையுங்கள். கணக்கு ஃபைல்களைத் தனியாக ஒரு பென் டிரைவில் கட்டாயம் போடுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) ஆனில் இருந்தால், அந்தப் பூட்டைத் திறக்கும் எண்ணான ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொண்டு, என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, பூட்டு முழுதாக நீங்கிய பிறகே கடைக்குக் கொண்டு போங்கள்.