வானியல் ஆய்வுப் பேச்சுகளுக்குப் போனவர்கள், கேள்வி நேரத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். வேலை வங்கியில், இயற்பியல் படித்து ரொம்ப காலம் ஆகிவிட்டது, ஆனாலும் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் வானியல் பேச்சு என்றால் முடிந்தவரை போய்விடுவேன். 2023 ஜூனில் பல்சார்களை (வேகமாகச் சுழன்றபடி சீரான துடிப்புகளாக ரேடியோ அலை அனுப்பும் நட்சத்திர மிச்சங்கள்) வைத்து ஈர்ப்பலைக்கான (வெளியையே லேசாக நீட்டிச் சுருக்கும் அலை) ஆதாரம் கிடைத்திருப்பதாக உலகெங்கும் பல குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன இல்லையா, அதற்கு அப்புறம் நடந்த ஒரு பேச்சு இது. ராட்சதக் கருந்துளைகள் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று சுற்றுவதால் கிளம்பும் அலைகள், ஒரு அலை நம்மைக் கடந்து போகவே வருஷக்கணக்காகும், அதனால் பல்சார் துடிப்புகள் வந்து சேரும் நேரத்தைப் பல ஆண்டுகள் விடாமல் அளக்கிறார்கள் என்பது வரைக்கும் புரிந்தது. அப்புறம் சமன்பாடுகள் வரிசைகட்டின, பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டார்.

கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "துடிப்பு தாமதமாக வந்தால் அதற்குக் காரணம் ஈர்ப்பலையா, வழியில் இருக்கும் எலக்ட்ரான்களா என்று எப்படி சார் பிரிப்பீங்க?" என்று கேட்டார். பேச்சாளர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு சாக்பீஸை எடுத்தார். ஒரே துடிப்பை இரண்டு அலைவரிசைகளில் வரைந்தார். எலக்ட்ரான்களால் வரும் தாமதம் அலைவரிசையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும், அதாவது அலைவரிசை பாதியானால் தாமதம் நான்கு மடங்கு. ஈர்ப்பலைக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, எல்லா அலைவரிசையையும் ஒரே அளவுதான் தள்ளும். புணே பக்கத்தில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி (45 மீட்டர் விட்டத்தில் 30 ஆன்டெனாக்கள்) தாழ்ந்த அலைவரிசையில் நன்றாக அளக்கும் என்பதால்தான் இந்த வேட்டையில் அதற்குத் தனி மவுசு என்றார். ஒரு மணி நேர ஸ்லைடுகளில் பிடிபடாதது அந்தக் கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது.

*

இதே விஷயத்தில் நான் வேறு ஊரில் கேட்ட பேச்சில், "இவ்வளவு சொல்றீங்க, அப்புறம் ஏன் கண்டுபிடிச்சிட்டோம்னு சொல்லாம ஆதாரம் இருக்குன்னு இழுக்கிறீங்க?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். 5 சிக்மா (தற்செயலாக இப்படி வர வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதற்கான அளவு) வந்தால்தான் கண்டுபிடிப்பு என்று சொல்வது வழக்கம், எங்களுக்கு 3, 4 பக்கம்தான் வருகிறது, இன்னும் சில வருஷம் பல்சார்கள் துடிக்கட்டும் என்று பேச்சாளர் அசராமல் சொன்னார். செய்தித்தாள்களில் இந்த நிதானத்தைப் பார்க்க முடியவில்லை.

*

எனக்குப் பிடித்தது கொடைக்கானல் சூரியப் படங்கள் பற்றிய பேச்சு. எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909இல் சூரியப் புள்ளியின் (சூரியன் மேல் தெரியும் கருந்திட்டு) ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டாரே, அதே ஆய்வகம். நூறு வருஷத்துக்கும் மேலாகச் சேர்ந்த படங்களை டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். திரையில் ஒரு பழைய படத்தைப் போட்டார்கள், சூரியன் மேல் மெல்லிய கீறல் ஒன்று ஓடியது. பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "இதுல வடக்கு எதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். கூட்டம் சிரித்தது, பேச்சாளர் சிரிக்கவில்லை. படம் கொஞ்சம் சுழன்றிருந்தாலே புள்ளிகளின் அட்சரேகை மாறிவிடும், புள்ளிகள் கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சியில் அவை மெல்ல மெல்ல நடுக்கோட்டை நோக்கி இறங்கி வருவதைக் காட்டும் வரைபடமே கலங்கிப்போகும், எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அதைச் சரிசெய்யத்தான் போனது ஐயா என்றார். அப்புறம் இருவரும் டீ ஆறும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

*

பேசுகிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை, நான் ஆராய்ச்சி மாணவன். தயவுசெய்து கேள்வி கேளுங்கள், "இது சின்னக் கேள்விதான்" என்ற முன்னுரையெல்லாம் வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள், எந்தப் படத்தில் சந்தேகம் வந்ததோ அந்த ஸ்லைடு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "அந்த நீலக் கோடு போட்ட படம்" என்றால் எங்களிடம் நீலக் கோடு போட்ட படம் பத்தாவது இருக்கும்.